திகதி சாட்சி சொல்லுமா?

ஒரே திகதியில், வெவ்வேறு ஆண்டுகளில் நடந்த சம்பவங்களுக்கிடையே ஏதேனும் உறவு உண்டா? உண்டு என நம்புவதில் மனித மனம் தனியானதோர் இன்பம் காண்கிறது. பிறந்த திகதியிலேயே இறந்துபோன ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டால் நாம் ஒரு கணம் வாயடைத்துப் போகிறோம். பெரிய நாடுகளின் வரலாற்றைப் பேசுவோரும் இதற்கு விதிவிலக்கானவர்கள் அல்லர்.

ஐக்கிய அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதி ஜோன் அடம்ஸும், மூன்றாவது ஜனாதிபதி தோமஸ் ஜெபர்சனும் ஒரே நாளில் மரணித்தார்கள். அது 1826 ஜூலை 4. அவர்கள் இருவரும் பங்குகொண்ட சுதந்திரப் பிரகடனத்தின் ஐம்பதாவது ஆண்டு நிறைவு நாளும் அதுவே. அந்த நாட்டின் மீது இறைவன் கொண்ட தனிப்பெரும் கருணைக்கு இது கண்கண்ட அடையாளம் என்று அன்று பலர் பேசினர். ஆனால் ஆறு மாதங்களின் பின், 1827 ஜனவரியில், ஜெபர்சன் விட்டுச்சென்ற கடன்களை அடைப்பதற்காக அவரது மொண்டிசெல்லோ பண்ணையில் 130 அடிமைகள் ஏலத்தில் விடப்பட்டனர். பிள்ளையை ஒரு பக்கமும் தாயை ஒரு பக்கமுமாகப் பிரித்துவிடக்கூடிய ஏலம் அது. மேடையில் நிறுத்தப்பட்டவர்களிடம் ஜூலை 4 எதற்கு அடையாளம் என்று கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும்? திகதி ஒன்றுதான். அதை வாசிப்பவர் எங்கே நிற்கிறார் என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது.

இந்தக் கேள்வியை இன்னும் கூர்மையாக எழுப்புகின்ற வேறொரு திகதி அமெரிக்க அரசியல் வரலாற்றில் உண்டு. அது ஓகஸ்ட் 28.

1955 ஓகஸ்ட் 28, ஞாயிற்றுக்கிழமை அதிகாலை. மிசிசிப்பி மாநிலத்தில் மணி என்ற சிற்றூர். சிக்காகோவிலிருந்து விடுமுறைக்காக உறவினர் வீட்டுக்கு வந்திருந்த எமெட் டில் என்ற பதினான்கு வயதுக் கறுப்பினச் சிறுவனை, ரோய் பிரயன்ட், ஜே. டபிள்யூ. மைலம் என்ற இரு வெள்ளையர் படுக்கையிலிருந்து எழுப்பி இழுத்துச் சென்றனர். சில தினங்களுக்கு முன் கடையிலிருந்த பிரயன்டின் மனைவியைப் பார்த்து அவன் விசிலடித்தான் என்பது குற்றச்சாட்டு. மூன்று நாட்களின் பின் டலஹாச்சி ஆற்றிலிருந்து அவனது உடல் எடுக்கப்பட்டது. பருத்திக் கொட்டை நீக்கும் இயந்திரத்தின் கனத்த இரும்பு விசிறியை முட்கம்பியால் கழுத்தில் கட்டி அவனை ஆற்றில் எறிந்திருந்தார்கள். முகத்தைக் கொண்டு அடையாளம் காண முடியவில்லை. விரலிலிருந்த, தந்தையின் பெயரெழுத்துகள் பொறித்த மோதிரம்தான் அவன் யாரென்று சொல்லியது.

இரண்டு ஆண்டுகளின் பின், 1957 ஓகஸ்ட் 28 இரவு 8.54க்கு, தென் கரோலினா செனட்டர் ஸ்ட்ரோம் தர்மண்ட் செனட் சபையில் எழுந்து பேசத் தொடங்கினார். கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பாதுகாக்கும் சட்டமூலத்தைத் தடுப்பதே அவரது நோக்கம். மறுநாள் இரவு வரை 24 மணி 18 நிமிடங்கள் ஓயாமல் பேசினார்.

1963 ஓகஸ்ட் 28 அன்று தொழிலும் சுதந்திரமும் கோரி ஏறத்தாழ இரண்டரை லட்சம் மக்கள் வாஷிங்டன் நகரில் லிங்கன் நினைவு மண்டபத்தின் முன் திரண்டனர். மார்ட்டின் லூதர் கிங் தமது கனவைப் பற்றிப் பேசிய நாள் அதுதான்.

1968 ஓகஸ்ட் 28. கிங் சுட்டுக் கொல்லப்பட்டு ஐந்து மாதங்களும் நிறையவில்லை. சிக்காகோவில் ஜனநாயகக் கட்சியின் மாநாடு நடக்கையில், வியட்நாம் யுத்தத்தை எதிர்த்து வீதியில் நின்ற இளைஞர்களைப் பொலிஸார் தொலைக்காட்சிக் கமராக்களின் முன்பாகவே அடித்து நொறுக்கினர்.

2008 ஓகஸ்ட் 28. டென்வர் நகரின் விளையாட்டரங்கில் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் முன்னிலையில் பராக் ஒபாமா தமது கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் நியமனத்தை ஏற்றுக்கொண்டார். பெரிய கட்சியொன்றின் வேட்பாளரான முதல் கறுப்பினத்தவர் அவர். கிங்கின் உரைக்குச் சரியாக 45 ஆண்டுகள்.

இவற்றுள் 1955, 1963, 2008 ஆகிய மூன்றையும் ஒரே நூலில் கோர்த்து அழகானதொரு மாலையாக்கிக் காட்டும் பழக்கம் பரவலாகி விட்டது. கொலை, கனவு, கனவின் நிறைவேற்றம் என்று மூன்று படிகள். 2016 இல் திரைப்பட இயக்குநர் ஏவா டுவர்னே, வாஷிங்டனில் திறக்கப்பட்ட ஆபிரிக்க அமெரிக்க அரும்பொருளகத்துக்காக இந்தத் திகதியையே பொருளாகக் கொண்டு ஒரு படம் எடுத்தார். கறுப்பின மக்கள் இத்திகதியை நினைவுகூர்வதில் நியாயமுண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கொலையிலிருந்து ஏணி தொடங்குகிறது என்று சொல்லும்போது நாம் என்ன செய்கிறோம் என்பதைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் தற்செயல் பற்றிய கேள்வி. நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் குழந்தைப் பருவத்தில் மரணித்த அன்று சூரிய கிரகணம் ஏற்பட்டது. அந்த மரணத்துக்காகவே சூரியன் இருண்டது என்று மதீனாவில் மக்கள் பேசிக்கொண்டனர். மகனை இழந்த தந்தைக்கு அது ஆறுதலான பேச்சு. சமூகத் தலைவர் ஒருவருக்கு அது பெருமையான பேச்சும்கூட. மௌனமாக இருந்திருந்தாலே போதும், அந்தக் கதை நிலைத்திருக்கும். ஆனால் நபியவர்கள் மௌனமாக இருக்கவில்லை. சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், எவருடைய மரணத்துக்காகவும் வாழ்வுக்காகவும் அவை கிரகணம் அடைவதில்லை என்று தெளிவுபடுத்தினார்கள். தமக்குச் சாதகமான தற்செயலைக் கூட ஏற்க மறுத்த நேர்மை அது. ஒரே நாளில் நடந்தவை என்பதற்காக ஒன்றை மற்றொன்றின் பொருளாக்கக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் எமக்குத் தேவையில்லை.

மேலும் ஒரே திகதி என்பதே நாம் கையில் வைத்திருக்கும் நாட்காட்டியைப் பொறுத்தது. ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழப் பதினொரு நாட்கள் குறைவானது. அந்தக் கணக்கில் 1963 ஓகஸ்ட் 28 ரபீஉல் ஆகிர் மாதத்தின் முற்பகுதியில் வருகிறது. 2008 ஓகஸ்ட் 28 ரமழானுக்கு முந்திய ஷஃபானின் கடைசி வாரத்தில் வருகிறது. ஆக, பிறைக் கணக்கில் கிங்கும் ஒபாமாவும் சந்திப்பதே இல்லை. ஆனால் 1955 ஓகஸ்ட் 28 ஐ மாற்றிப் பார்த்தால், பிறை பார்ப்பதில் ஒரு நாள் கூடலாம் குறையலாம், 1375 முஹர்ரம் ஒன்பதை ஒட்டி வருகிறது. அதாவது ஆஷூராவுக்கு முந்திய நாள். கர்பலாவின் நிழல் விழுந்த நாட்கள். இதைக் கண்டதும் உடல் சிலிர்க்கிறது. இந்தச் சிலிர்ப்பைத்தான் நாம் சந்தேகிக்க வேண்டும். மிசிசிப்பிச் சிறுவனுக்கும் கர்பலாவுக்கும் நாட்காட்டியில் உறவில்லை. இரண்டு இடத்திலும் அநியாயம் நடந்தது என்ற உறவு உண்டு. அந்த உறவுக்கு முஹர்ரம் தேவையில்லை. சாதாரண நாளொன்றில் கொல்லப்பட்டிருந்தாலும் அவன் மீதான அநியாயம் அணுவளவும் குறைந்திருக்காது.

இரண்டாவது, மாலை கட்டுவோர் எந்தப் பூவை விட்டுவிடுகிறார்கள் என்ற கேள்வி. 1957 இன் தர்மண்டும் 1968 இன் சிக்காகோ வீதியும் அதே ஓகஸ்ட் 28க்கு உரியவைதாம். அவற்றையும் கோர்த்தால் ஏணி ஏணியாக இராது. ஏறவும் இறங்கவுமாக, சில இடங்களில் படியே இல்லாததாக ஆகிவிடும். தர்மண்டைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. இன ஒதுக்கலுக்காக அத்தனை மணி நேரம் நின்று பேசிய அந்த மனிதருக்கு, தமது பெற்றோர் வீட்டில் வேலை செய்த கறுப்பினச் சிறுமியிடம் 1925 இல் பிறந்த மகள் ஒருத்தி இருந்தார். தர்மண்ட் 2003 இல் இறந்த பிறகே அந்த மகள் உண்மையை வெளியே சொன்னார். சபையில் 24 மணி நேரம் பேசியவர் சொல்லாமல் விட்ட ஒரு சொல் அது. அவரது நீண்ட பேச்சின் சாதனையை 2025 ஏப்ரல் முதலாம் திகதி, கோரி புக்கர் என்ற கறுப்பினச் செனட்டர் 25 மணித்தியாலங்களுக்கும் மேலாகப் பேசி முறியடித்தார். அது ஓகஸ்ட் 28 அன்று நடக்கவில்லை. அதனால் அதன் பொருள் குறைந்துவிட்டதா?

இதே திகதியோடு சேர்த்துப் பேசப்படும் பழைய செய்தியொன்று எமது நாட்டையும் தொடுகிறது. பிரித்தானியப் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டத்துக்கு மன்னரின் அங்கீகாரம் கிடைத்தது 1833 ஓகஸ்ட் 28 அன்று. விடுதலையின் நாளென்று அதைக் கொண்டாடுவர். ஆனால் அச்சட்டத்தின் ஒரு பிரிவு, கிழக்கிந்தியக் கம்பனியின் ஆட்சிப் பகுதிகளுக்கும் சென் ஹெலினா தீவுக்கும் இலங்கைத் தீவுக்கும் இது பொருந்தாது என்று விலக்களித்தது. இலங்கையில் அடிமை முறையைச் சட்டம் முற்றாக ஒழித்தது 1844 இல்தான். அந்த ஓகஸ்ட் 28 அன்று இங்கே அடிமையாகக் கண்விழித்தவர் அடிமையாகவே உறங்கச் சென்றார். ஒருவருக்குப் பொன் எழுத்தில் எழுதப்படும் திகதி இன்னொருவருக்கு வெற்றுத் தாள்.

வரலாற்றுப் பாடத்தில் திகதிகளை மனனம் செய்விக்கும் ஆசிரியர்கள் நாம். பரீட்சைத் தாளில் திகதிக்குப் புள்ளி உண்டு. அந்தத் திகதி எவருக்குப் பொருந்தவில்லை என்று கேட்பதற்குப் புள்ளி இல்லை.

இனி மூன்றாவது கேள்வி. இதுவே இக்கட்டுரையின் உயிர். எமெட் டிலின் மரணத்தை ஒபாமாவின் மேடைக்குச் செல்லும் முதற்படியாகச் சொல்லலாமா? சிந்திய இரத்தம் வீண்போகவில்லை என்று ஆறுதல் கொள்ளலாமா?

கூடாது என்பதே எனது தாழ்மையான கருத்து. அந்தச் சிறுவன் எதற்காகவும் உயிரைக் கொடுக்கவில்லை. அவனிடமிருந்து உயிர் பறிக்கப்பட்டது. கொடுத்தலுக்கும் பறித்தலுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை ஆறுதல் பேச்சு அழித்துவிடுகிறது. பின்னால் வந்த நன்மையைக் காட்டி முன்னால் நடந்த கொலைக்குக் கணக்குத் தீர்க்க எவருக்கும் உரிமையில்லை. அந்த உரிமை யாருக்காவது இருந்திருக்குமென்றால் அது அவனது தாய்க்கு. எந்தத் தாய் அந்த வியாபாரத்துக்கு உடன்படுவாள்? ஜனாதிபதிகள் நூறு பேர் வந்தாலும் அவளுக்கு ஒரு மகன்தான் இல்லை.

ஏணிக் கதை நடந்தவற்றுக்கும் பொருந்தாது. வாஷிங்டனில் கனவு பேசப்பட்டுப் பதினெட்டே நாட்களில், 1963 செப்டம்பர் 15 ஞாயிறன்று, அலபாமாவின் பர்மிங்ஹாம் நகரில் தேவாலயமொன்றில் குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் பலியாயினர். அந்தப் பேரணியை அன்று வாஷிங்டனில் இருந்து அவதானித்த மல்கம் எக்ஸ், அதை அதிகாரத்துக்கு அடங்கிப்போன கேலிக்கூத்தென்று பிற்பாடு சாடினார். அவரது தீர்ப்பு முழுவதையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு நாளின் அழகில் மயங்கி அடுத்த நாளை மறந்துவிடாதீர்கள் என்ற எச்சரிக்கை அதில் இருந்தது.

அப்படியானால் திகதிகளை நினைவில் வைத்திருப்பதே வீணா? இல்லை. இங்கேதான் சாட்சியம் என்ற சொல் எமக்கு உதவுகிறது.

ஓகஸ்ட் 28 தானாக எதையும் சொல்லவில்லை. அந்த இரவு மிசிசிப்பியில் அதற்கு முன் கழிந்த எத்தனையோ இரவுகளைப் போல ஆற்றோடு போயிருக்க வேண்டியது. அதைப் போகவிடாமல் பிடித்து நிறுத்தியவர்கள் மனிதர்கள். முதலாவது, தாய் மேமி டில். மகனின் பெட்டியை மூடியபடியே அடக்கம் செய்துவிடுவதுதான் மிசிசிப்பி அதிகாரிகளுக்கு வசதியாக இருந்தது. அவர் சிக்காகோவில் பெட்டியைத் திறந்து வைத்தார். தம் மகனுக்குச் செய்யப்பட்டதை உலகம் பார்க்கட்டும் என்றார். பல்லாயிரக்கணக்கானோர் வரிசையில் வந்து பார்த்தனர். கறுப்பினச் சஞ்சிகையான ஜெட் அந்தப் படத்தை வெளியிட்டது. ஜனாஸாவின் குறைகளை மறைப்பது எமது பண்பாடு. அந்தப் பண்பாட்டில் வளர்ந்த எமக்கு இத்தாயின் முடிவு முதலில் அதிர்ச்சி தரலாம். ஆனால் அந்தக் குறை மையித்துடையதன்று, கொன்றவனுடையது. அதை மறைத்தால் மறைக்கப்படுவது கொலை.

இரண்டாவது, மோசஸ் ரைட். எமெட்டின் தாயாருக்கு மாமன் முறையான, குத்தகைக்குப் பருத்தி விளைவித்த அறுபத்து நான்கு வயது மனிதர். அவருடைய வீட்டிலிருந்துதான் சிறுவன் கொண்டுசெல்லப்பட்டான். செப்டம்பரில் சம்னர் நகர நீதிமன்றத்தில், வெள்ளையர் நிறைந்த மண்டபத்தில், அவர் எழுந்து நின்று விரலை நீட்டிக் குற்றவாளியை அடையாளம் காட்டினார். அந்த மாநிலத்தில் ஒரு கறுப்பினத்தவர் அப்படிச் செய்வது உயிரைப் பணயம் வைப்பதாகும். வெள்ளை ஆண்கள் மட்டுமே கொண்ட ஜூரி சபை ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாகக் கலந்துரையாடி இருவரையும் விடுதலை செய்தது. சில மாதங்களின் பின் இருவரும் பணம் பெற்றுக்கொண்டு ஒரு சஞ்சிகைக்குத் தாமே கொன்றதாகச் சொன்னார்கள். ஒரு முறை விடுதலையானவரை மீண்டும் விசாரிக்க முடியாது என்ற சட்டம் அவர்களைக் காத்தது. ரைட்டோ தம் ஊரைவிட்டே வெளியேற வேண்டியதாயிற்று.

உங்களுக்கும் உங்கள் பெற்றோருக்கும் எதிராக அமைந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என்பது குர்ஆனின் கட்டளை. சாட்சியத்தை மறைப்பவனின் உள்ளம் பாவத்துக்குரியது என்றும் அது எச்சரிக்கிறது. சாட்சியம் வெல்லும் என்ற உத்தரவாதம் அக்கட்டளைக்கு நிபந்தனையாக இல்லை. மோசஸ் ரைட் தோற்றுப்போன சாட்சி. ஆனால் அவர் நீட்டிய விரல் அந்த நீதிமன்றத்தோடு முடிந்துவிடவில்லை.

1955 ஐயும் 1963 ஐயும் இணைக்கும் உண்மையான பாலத்தை இங்கே காண்கிறோம். லிங்கன் மண்டபத்தில் அன்று பேசியவர்களுள் ஜோன் லூயிஸுக்கு வயது 23. எமெட் கொல்லப்பட்டபோது அவருக்கு வயது 15. அறுபத்தைந்து ஆண்டுகளின் பின் 2020 ஜூலையில், தமது ஜனாஸா நாளில் வெளியாகும்படி எழுதி வைத்த கட்டுரையில், பொலிஸ்காரரின் முழங்காலுக்கடியில் இறந்த ஜோர்ஜ் ஃபுளொய்ட் இன்றைய இளைஞருக்கு எப்படியோ அப்படியே எமெட் டில் தமக்கு என்று லூயிஸ் குறிப்பிட்டிருந்தார். இரு நாட்களையும் கட்டியது நாட்காட்டி அல்ல, பார்த்ததை மறக்க மறுத்த ஒரு பையனின் நெஞ்சு. பேரணி ஓகஸ்ட் 27 அன்று நடந்திருந்தாலும் அந்த நெஞ்சு அங்கே வந்திருக்கும்.

திகதியைத் தெரிவுசெய்வது நிய்யத்தைச் சேர்ந்தது. கலீபா உமர் (ரழி) அவர்களின் காலத்தில் ஆண்டுக் கணக்கை எதிலிருந்து தொடங்குவது என்று ஸஹாபாக்கள் ஆலோசித்தார்கள். நபியவர்களின் பிறப்பு இருந்தது, வஹியின் தொடக்கம் இருந்தது, வபாத் இருந்தது. ஊரை விட்டு வெளியேறிய ஹிஜ்ரத்தே தெரிவு செய்யப்பட்டது. மனிதர் எடுத்த ஒரு முடிவிலிருந்து, கால்கள் நடந்த ஒரு பாதையிலிருந்து எமது காலம் தொடங்குகிறது. ஆனால் நிய்யத் இருவகைப்படும். 2010 ஓகஸ்ட் 28 அன்று தொலைக்காட்சிப் பேச்சாளர் கிளென் பெக் அதே லிங்கன் மண்டபத்தில் பெரும் கூட்டம் கூட்டினார். திகதியின் முக்கியத்துவத்தை முதலில் அறிந்திருக்கவில்லை என்றார். பிறகு அதில் இறைவனின் ஏற்பாட்டைக் கண்டார். சிவில் உரிமை இயக்கத்தவர்கள் கொதித்தெழுந்து அன்றே வேறோர் ஊர்வலம் நடத்தினர். திகதி யாருக்கும் தடை சொல்லவில்லை. அது ஊமை. 2011 ஓகஸ்ட் 28 அன்று கிங்கின் நினைவுச் சின்னத்தைத் திறக்க ஏற்பாடாகியிருந்தது. ஐரீன் சூறாவளி வந்து அதை ஒக்டோபர் 16க்குத் தள்ளிவிட்டது. சின்னத்தின் உயரத்தில் ஓர் அங்குலம் கூடக் குறையவில்லை.

2022 மார்ச்சில் எமெட் டிலின் பெயரைத் தாங்கிய சட்டமொன்று, கும்பல் கொலையை மத்திய அரசின் குற்றமாக்கியது. அப்படியொரு சட்டமூலம் முதன்முதலில் முன்வைக்கப்பட்ட 1900 இலிருந்து அதற்கு 122 ஆண்டுகள் பிடித்தன. 2023 இல் அவனுக்கும் தாய்க்கும் தேசிய நினைவிடம் பிரகடனம் செய்யப்பட்டபோது தெரிவான நாள் ஓகஸ்ட் 28 அல்ல, ஜூலை 25. அது அவன் பிறந்த நாள். இதில் ஒரு நுட்பமான நியாயம் இருப்பதாக எனக்குப் படுகிறது. கொன்றவர்கள் தெரிவுசெய்த நாளை விட்டு, தாய்க்கு அவன் கிடைத்த நாளை எடுத்திருக்கிறார்கள்.

அந்த நினைவிடத்தில் சேர்க்கப்பட்ட மூன்று இடங்களுள் ஒன்று, அவனது உடல் கரை சேர்ந்ததாகக் கருதப்படும் ஆற்றங்கரை. அங்கே முதலில் நாட்டிய பெயர்ப்பலகையை யாரோ பிடுங்கிச் சென்றார்கள். பின்னர் வைத்தவற்றைத் துப்பாக்கியால் சுட்டுத் துளைத்தார்கள். 2019 ஒக்டோபரில் நான்காவது பலகையை நாட்டினார்கள். துப்பாக்கிக் குண்டு துளைக்காத எஃகினால் செய்யப்பட்டது அது. அதன் எடை ஏறத்தாழ 500 இறாத்தல். ஒரு சிறுவனின் பெயர் தன் இடத்தில் நிற்பதற்கு இத்தனை எடை தேவைப்படுகிறது. ஓகஸ்ட் 28 வந்து போனாலும் போகாவிட்டாலும், அந்தப் பலகை விழாமல் பார்த்துக்கொள்ள ஆண்டு முழுவதும் ஆட்கள் இருக்க வேண்டும்.